சீனப் பெயர் கழன்ற ஓங்கில்

ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்குப் போகும் ஜங்கார் ஐந்து நிமிடத்தில் அக்கரை சேர்ந்துவிடும். காரும் ஸ்கூட்டரும் நெருக்கியடித்து நின்ற தட்டில் எல்லாரும் கைப்பேசியில் மூழ்கியிருந்தார்கள். இடப்புறம், காயல் கடலோடு சேரும் அழிமுகத்தில், முதலில் ஒரு நீண்ட அலகு சாய்வாக மேலே வந்தது. பிறகு புஸ்ஸென்று மூச்சு. பிறகு முதுகு. வழவழப்பாக வளைந்து போகும் என்று நினைத்த முதுகின் நடுவே எருதின் திமில் மாதிரி ஒரு மேடு, அந்த மேட்டின் உச்சியில் ஒட்டவைத்ததுபோல ஒரு சின்னத் துடுப்பு. மழைக்கால மேகத்தின் சாம்பல் நிறம். ஒரு நொடி வளைந்து நின்று உள்ளே போய்விட்டது.

"கடல்பன்னி" என்றார் பக்கத்தில் நின்றவர், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே. மலையாளத்தில் டால்பினுக்கு அதுதான் பெயர். நம் கடற்கரையில் ஓங்கில். பார்த்த விலங்குக்கு அறிவியல் வைத்த பெயர் சூசா பிளம்பியா. பிளம்பியா என்றால் ஈய நிறத்தது. ஆனால் 2014 வரைக்கும் பெரும்பாலான நூல்களில் இதன் பெயர் சூசா சைனென்சிஸ், அதாவது சீனத்து ஓங்கில். கரையில் வரிசையாக நிற்பவை சீன வலைகள். அவற்றின் காலடியில் மீன் தேடிக்கொண்டிருந்த ஓங்கிலும் சீனப் பெயரோடுதான் அலைந்தது. வலைகளின் பெயர் அப்படியே இருக்கிறது. ஓங்கிலின் பெயர் கழன்றுவிட்டது. அது எப்படி ஒட்டியது, எப்படிக் கழன்றது என்று தேடப்போனால் பல்லுள்ள திமிங்கலங்கள் என்ற கூட்டத்தையே சுற்றிவர வேண்டியிருக்கிறது.

நான் தங்கியிருந்தது மட்டாஞ்சேரியில், பஜார் ரோட்டுக்குப் பக்கத்தில். அந்தத் தெருவில் மூச்சு விட்டாலே சுக்கும் மிளகும் ஏலமும் மூக்கில் ஏறும். அங்கே ஒரு மிளகு வியாபாரி சாக்கைப் பிரித்து உள்ளங்கையில் அள்ளிக் காட்டினார். கருமிளகும் வெண்மிளகும் ஒரே கொடிதான். பழுத்ததை ஊறவைத்துத் தோலை எடுத்தால் வெள்ளை. பார்வைக்கு மிளகுபோலவே இல்லாத திப்பிலி அதன் பங்காளி, வால்மிளகும் அப்படியே. பெயரிலேயே மிளகை வைத்திருக்கும் மிளகாய்க்கோ அதனோடு ஒட்டுமில்லை உறவுமில்லை. அது கத்தரிக்காய் வீட்டுப் பிள்ளை, கடல் கடந்து வந்தது. திமிங்கல வகைப்பாட்டைப் பற்றிப் பல பக்கங்கள் படித்தும் பிடிபடாத ஒன்று எனக்கு அந்த உள்ளங்கையில் பிடிபட்டது.

முதலில் பெரிய சல்லடை. உலகத்துத் திமிங்கலங்கள் எல்லாம் இரண்டு சாக்கில் அடங்கும். ஒன்றில் பல் இல்லாமல், மேல்தாடையிலிருந்து தொங்கும் சீப்பு போன்ற தகடுகளால் கடல்நீரை வடித்துத் தின்பவை. நீலத் திமிங்கலம் இந்தச் சாக்கு. மற்றதில் பல்லுள்ளவை: எண்ணெய்த் திமிங்கலம், ஓங்கில்கள், கடற்பன்றிகள், ஆற்று ஓங்கில்கள், அலகுத் திமிங்கலங்கள், ஆர்க்டிக்கின் வெண்திமிங்கலமும் நார்வாலும். ஏறத்தாழ 75 முதல் 80 இனங்கள், பத்துக் குடும்பங்கள். அவற்றில் பாதியளவு கடல் ஓங்கில் என்ற ஒரே குடும்பத்துக்குள் வருகின்றன. ஆக, ஓங்கில் வேறு திமிங்கலம் வேறு என்று நாம் பிரித்துப் பேசுவது அளவை வைத்துத்தான். உறவை வைத்துப் பார்த்தால் ஓங்கிலும் பல்லுள்ள திமிங்கலமே.

பல்லுள்ளவை என்ற பெயரை ரொம்ப நம்பிவிடக் கூடாது. நம் வாயில் வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் என்று பிரிவு உண்டு. ஓங்கிலுக்கு வரிசை முழுக்க ஒரே அச்சில் வார்த்த கூம்புகள். அவை மெல்ல அல்ல, வழுக்குகிற மீனைப் பிடிக்க மட்டும்; பிடித்ததை அப்படியே விழுங்கிவிடும். எண்ணெய்த் திமிங்கலத்துக்குக் கீழ்த்தாடையில் மட்டும்தான் உருப்படியான பற்கள், மேல்தாடையில் அவை போய்ப் பதிவதற்குக் குழிகள். நார்வாலின் ஈட்டிக் கொம்பு உண்மையில் உதட்டைத் துளைத்துக்கொண்டு வளர்ந்த இடது கோரைப்பல், பெரும்பாலும் ஆணுக்கு மட்டும். அலகுத் திமிங்கலங்கள் இன்னும் வேடிக்கை. பெரும்பாலானவற்றில் ஆணுக்குக் கீழ்த்தாடையில் ஒரே ஒரு ஜோடி வெளியே தெரியும். பெண்ணுக்கு அதுவும் ஈறுக்குள்ளேயே நின்றுவிடும். கணவாயை உறிஞ்சித் தின்பவற்றுக்குப் பல் எதற்கு?

இவை எல்லாவற்றையும் உண்மையாகக் கட்டிப்போடுவது வேறு இரண்டு. ஒன்று, தலைமேல் உள்ள மூச்சுத் துளை: பல்லுள்ளவற்றுக்கு ஒன்று, சீப்புத் தகடு உள்ளவற்றுக்கு இரண்டு. இரண்டாவது ஒலி. மூச்சுத் துளைக்குக் கீழே நாசிப் பாதையில் சொடுக்கொலி எழுப்பி, நெற்றியில் உள்ள கொழுப்பு மேட்டால் அதைக் குவித்து முன்னால் அனுப்பி, எதிரே உள்ளதில் பட்டுத் திரும்புவதைக் கீழ்த்தாடைக் கொழுப்பின் வழியாகக் காதுக்கு வாங்கிக்கொள்ளும். கொச்சி அழிமுகத்தின் கலங்கல் நீரில் கண்ணால் ஒன்றும் ஆகாது. அந்த ஓங்கிலுக்குக் காதுதான் கண். இந்த ஒலிக்கருவிகள் இரண்டு பக்கமும் சமமாக இல்லாததால் மண்டையோட்டின் மேல்பகுதி இடப்பக்கமாகக் கோணிப்போயிருக்கும். அருங்காட்சியகத்தில் டால்பின் மண்டையோட்டைப் பார்த்தால் நேர்மேலே நின்று பாருங்கள். யாரோ ஈரக் களிமண்ணாக இருந்தபோது லேசாகத் திருகிவிட்டதுபோல இருக்கும்.

இந்தப் பெரிய சல்லடையே ஒரு முறை ஆட்டம் கண்டது. 1993-இல் மரபணுவை வைத்துச் சிலர், எண்ணெய்த் திமிங்கலம் மற்றப் பல்லுள்ளவற்றைவிட நீலத் திமிங்கலக் கூட்டத்துக்கே நெருக்கம் என்றார்கள். சில வருடம் பெரிய சச்சரவு. கூடுதல் மரபணுக்களைப் பார்த்தபோது அது நிற்கவில்லை, எண்ணெய்த் திமிங்கலம் பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டது. இரண்டு சாக்கும் பிரிந்து மூன்றரைக் கோடி ஆண்டுகள் போல ஆகின்றன. இரண்டுக்கும் நிலத்தில் இன்று உயிரோடிருக்கும் நெருங்கிய சொந்தம் நீர்யானை.

இனி மிளகாய்க் கதை. கங்கையில் ஓர் ஓங்கில், அமேசானில் ஒன்று, யாங்சியில் ஒன்று, தென்னமெரிக்காவின் பிளாட்டா முகத்துவாரத்தில் ஒன்று. நான்குக்கும் ஊசிபோன்ற நீண்ட அலகு, சிறுத்த கண், எந்தப் பக்கமும் திரும்பும் கழுத்து. எல்லாவற்றையும் ஆற்று ஓங்கில் என்று ஒரே சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். மரபணு அந்தச் சாக்கைக் கிழித்தது. கங்கை ஓங்கிலின் கிளை மிகப் பழையது, தனியாகப் பிரிந்தது. அமேசான் ஓங்கில் அதைவிடக் கடல் ஓங்கில்களுக்கே நெருக்கம். சேற்று நீரில் பிழைக்க வேண்டிய ஒரே நெருக்கடி வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே முகத்தைக் கொடுத்துவிட்டது. யாங்சி ஓங்கிலை 2006-இல் ஆறு முழுக்கத் தேடியும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஒரு குடும்பமே அதோடு போனது.

கங்கை ஓங்கிலுக்கு முதலில் பெயர் வைத்தவர் நம் பக்கத்துக்குப் பழக்கமானவர். ஹைன்ரிஷ் யூலியஸ் லெபெக், 1797-இல் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் பார்த்து எழுதியவர். 1801-இல் அவர் கங்கை ஓங்கிலை விவரித்தார். அதே ஆண்டில் தாவரவியலாளர் ராக்ஸ்பர்கும் விவரித்தார், பெருமை நீண்ட காலம் ராக்ஸ்பர்குக்கே போனது. லெபெக்கின் எழுத்துதான் முந்தியது என்று நிறுவ 2000-ஆம் ஆண்டு ஆயிற்று. சிந்து நதியில் இருப்பது கங்கையில் இருப்பதன் கிளையினமா தனி இனமா என்ற வழக்கு 2021-இல்தான் தனி இனம் என்று முடிந்தது. அதனால் இந்தியாவின் முதல் ஆற்று ஓங்கில் கணக்கெடுப்பு 2025-இல் வெளிவந்தபோது மொத்தம் 6,327 என்ற எண்ணுக்குள் பஞ்சாபின் பியாஸ் ஆற்றில் உள்ள மூன்றே மூன்று சிந்து ஓங்கில்களைத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

வெண்மிளகுக் கதையும் உண்டு: பார்வைக்கு வேறாகத் தெரிந்தும் ஒரே வீடு. கறுப்பு வெள்ளையாக எட்டு மீட்டர் வளர்ந்து திமிங்கலங்களையே வேட்டையாடும் ஓர்க்கா, கடல் ஓங்கில் குடும்பத்தின் பெரியண்ணன். திமி என்ற பெருமீனை விழுங்குவது திமிங்கிலம், அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்று நம் பழைய அகராதிகள் ஒரு சொல் வைத்திருக்கின்றன. அந்தச் சொல்லுக்குப் பொருத்தமான விலங்கு கடலில் உண்டென்றால் இதுதான். 2016 ஜனவரியில் மணப்பாடு, ஆலந்தலை, கல்லாமொழி கரைகளில் எண்பதுக்கும் மேற்பட்டவை வந்து ஒதுங்கினவே, பல மீனவர்கள் இரவெல்லாம் கடலுக்குள் தள்ளிவிட்டும் திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தனவே, அந்தப் பைலட் திமிங்கலங்களும் இதே குடும்பம். தூத்துக்குடிக் கரையில் 1973 ஜனவரியில் 147 ஒதுங்கியதும் அதே இனம். பெயரில் திமிங்கலம், பிறப்பில் ஓங்கில்.

கொச்சிக்குத் திரும்புவோம். பிரெஞ்சுக் கப்பல் வணிகர் ஜான் ஜாக் டூசுமியே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல முறை கிழக்கே வந்துபோனார். சரக்கோடு சரக்காக மீன்களையும் பறவைகளையும் பாரிஸ் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசேர்த்தார். நம் மீன்கள் பலவற்றின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். மலபார் கரையிலிருந்து அவர் கொண்டுபோன ஓர் ஓங்கிலை வைத்து 1829-இல் விலங்கியலாளர் ஜார்ஜ் கூவியே வெளியிட்ட பெயர்தான் ஈய நிறத்தது. மிளகுக் கப்பல்கள் போன வழியிலேயே போய், பாரிஸில் பெயர் வாங்கிய விலங்கு. அதே 1829-இல் கூவியே முதுகுத் துடுப்பே இல்லாத ஒரு சிறு கடற்பன்றிக்கும் பெயர் வைத்தார். அது நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்தது என்று எழுதிவைத்தார். ஆப்பிரிக்காவின் அந்த முனையில் அந்த விலங்கு கிடையாது. அதுவும் மலபாரில் பிடித்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் திருத்திக்கொண்டார்கள். அந்தத் துடுப்பில்லாக் கடற்பன்றி இன்றும் கொச்சிக் கரையோர வலைகளில் சிக்குகிறது. அலகு கிடையாது, பற்கள் கூம்பாக இல்லாமல் மண்வெட்டிபோலத் தட்டை. கடற்பன்றிக் குடும்பத்தை ஓங்கிலிலிருந்து பிரிப்பது அந்தப் பல்தான்.

கூவியே பெயர் வைத்து ஏமாந்த இன்னொன்று அவர் பெயரிலேயே இருக்கிறது. பிரான்ஸின் மத்தியதரைக் கரையில் கிடைத்த ஒரு மண்டையோட்டை 1823-இல் அவர் அழிந்துபோன விலங்கு என்று விவரித்தார். அந்த விலங்கு உலகக் கடல்களில் சுகமாக முங்கிக்கொண்டிருந்தது. இன்று அது கூவியே அலகுத் திமிங்கலம். 2,992 மீட்டர் ஆழம்வரை போயிருக்கிறது. ஒரு முறை 222 நிமிடம் மூச்சு எடுக்காமல் கீழே இருந்திருக்கிறது. மேலே வந்தால்தானே யாரும் பார்ப்பதற்கு.

மலபார் ஓங்கிலுக்கு வருவோம். ஸ்வீடன் நாட்டுக் கப்பல் பாதிரி பேர் ஓஸ்பெக் கான்டன் ஆற்றில் வெள்ளை ஓங்கில்களைப் பார்த்தார். அவர் எழுத்திலிருந்து 1765-இல் சைனென்சிஸ் பிறந்தது. சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் உள்ளவை பெரிதானதும் வெளிறி இளஞ்சிவப்பாகிவிடும், முதுகில் திமில் இருக்காது. 1997-இல் ஹாங்காங் சீனாவிடம் திரும்பியபோது அந்த விழாவின் சின்னம் இந்த ஓங்கில்தான். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதியில் உள்ளவை ஈய நிறம், திமில் உண்டு. இரண்டும் ஒரே இனத்தின் வேறு முகங்கள்தான் என்று பலரும் நினைத்தார்கள். பெயர் வைப்பதில் ஒரு விதி உண்டு: இரண்டு பெயர் ஒரே இனத்துக்கு என்று தெரிந்தால் மூத்த பெயருக்கே உரிமை. 1765, 1829-க்கு மூத்தது. மலபாரின் பெயர் கீழே போய், கொச்சி ஓங்கில் சீனத்து ஓங்கில் ஆனது இப்படித்தான்.

ஜெஃபர்சன், ரோசன்பாம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மண்டையோடு, நிறம், திமில், மரபணு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்து 2014-இல் நான்கு இனங்களாகப் பிரித்தார்கள்: மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஒன்று, ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக ஒன்று, சீனா தென்கிழக்காசியாவுக்குச் சைனென்சிஸ், இந்தியப் பெருங்கடலுக்குப் பழைய பிளம்பியா. 185 வருடத்துக்குப் பிறகு மலபார்ப் பெயர் மலபாருக்கு வந்தது. இது வெறும் பெயர்ச் சண்டை என்று தோன்றலாம். சீனத்து ஓங்கிலோடு சேர்த்து எண்ணிய வரை இதன் நிலைமை எண்ணிக்கையில் மறைந்து கிடந்தது. தனியாக நிறுத்தி எண்ணியதும் உலகப் பாதுகாப்புப் பட்டியலில் இது அழியும் ஆபத்தில் உள்ளது என்று ஆனது. கரையிலிருந்து வெகுதூரம் போகாத விலங்கு. துறைமுகம், சாக்கடை, செவுள் வலை மூன்றும் இருக்குமிடத்தில்தான் இதற்கும் வீடு.

பெயர் தொலைந்து திரும்பிய கதை இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். 1963 ஜனவரி 26 அன்று கொழும்புக்குத் தெற்கே ரத்மலானையில் ஓர் அலகுத் திமிங்கலம் கரை ஒதுங்கியது. இலங்கை அருங்காட்சியகங்களின் இயக்குநராக இருந்த பி.இ.பி. தெரணியகல அதற்கு ஹோட்டவுல என்று பெயர் வைத்தார், சிங்களத்தில் கூரான அலகு என்று பொருள். இரண்டே வருடத்தில் அது ஜப்பானில் கண்ட இன்னொரு இனம்தான் என்று பெயரைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். பசிபிக், இந்தியப் பெருங்கடல் தீவுகளில் கிடைத்த எலும்புகளின் மரபணுவைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் அதுவும் மீண்டது. அதே வருடம் என்பது தற்செயல்தான். ஆனால் நம் கரைகளுக்கு நல்ல வருடம்.

எனக்குப் பிடித்தது விசாகப்பட்டினக் கதை. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த வால்டர் எலியட்டைச் சரித்திரம் படிப்பவர்கள் அமராவதிச் சிற்பங்களோடு சேர்த்து அறிவார்கள். அவர் விசாகப்பட்டினத்தின் வால்டேர் கரையில் இருந்தபோது மீனவர்கள் பிடித்தவற்றை வரைந்தும் எலும்பெடுத்தும் லண்டனுக்கு அனுப்பினார். அங்கே விலங்கியலாளர் ரிச்சர்ட் ஓவன் 1866-இல் அவற்றுக்குப் பெயர் வைத்தார். அதில் ஒன்று குட்டி எண்ணெய்த் திமிங்கலம்: மூன்று மீட்டரைத் தொடாது, கன்னத்தில் சுறாவின் செவுள்போல ஒரு பொய்க்கோடு, பயந்தால் கணவாய்மாதிரி பழுப்புச் சாயத்தைக் குடலிலிருந்து விட்டுக் கலக்கிவிட்டு ஓடும். அதன் தெலுங்குப் பெயர் வொங்கு என்று அன்றே பதிவாகியிருக்கிறது. ஓங்கில் என்ற நம் சொல்லின் தங்கைபோல ஒலிக்கிறது. ஓவன் வைத்த பெயரும் தப்பவில்லை. அதன் சற்றே பெரிய உறவுக்குள் போட்டு நூறு வருடம் அமுக்கிவைத்து, 1966-இல்தான் தனி இனம் என்று ஒப்புக்கொண்டார்கள். எலியட் அனுப்பியதில் மற்றொன்று மழுங்கிய முகமுள்ள ஐராவதி ஓங்கில், இன்று சிலிகா ஏரியில் சுற்றுலாப் பயணிகள் தேடிப்போய்ப் பார்ப்பது. முகத்தைப் பார்த்து அதை ஆர்க்டிக் வெண்திமிங்கலத்தின் சொந்தம் என்று கருதியவர்கள் உண்டு. மரபணு, கடல் ஓங்கில் குடும்பத்திலேயே சேர்த்தது.

இந்த மரபணு வேலையில் கொச்சிக்கும் பங்குண்டு. 1947-இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், மண்டபத்திலிருந்து தலைமையகத்தை மாற்றிக்கொண்டு இங்கே வந்தது. கரை ஒதுங்கியதும் வலையில் மாட்டி இறந்ததுமான உடல்களிலிருந்து சிறு திசுத் துண்டை எடுத்து, எந்த இனம், ஆணா பெண்ணா என்று இங்கே பார்த்திருக்கிறார்கள். அழுகி உருத்தெரியாமல் ஒதுங்குகிற உடலுக்கு அதுதான் வழி. தோல் உரிந்து நிறம் போயிருக்கும், துடுப்பை நாய் தின்றிருக்கும், சதை பேசும். அமெரிக்காவின் 1972-ஆம் ஆண்டுக் கடல் பாலூட்டிச் சட்டம், அங்கே மீன் அனுப்பும் நாடுகள் தங்கள் வலைகளில் எத்தனை ஓங்கில்கள் சாகின்றன என்று கணக்குக் காட்டும்படி கேட்பதால், இறால் ஏற்றுமதி செய்கிற இந்த ஊருக்குக் கடல் பாலூட்டிகளின் கணக்கு வியாபாரக் கணக்காகவும் ஆகிவிட்டது.

மீனவர்களின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. சுருக்குமடி வலையை மத்திக் கூட்டத்தைச் சுற்றி இழுத்து மூடும் நேரத்தில் ஓங்கில்கள் வெளியிலிருந்து வலையைக் கடித்து மீனை எடுக்கும். ஓட்டை விழும், பிடித்ததில் பாதி போகும், தைக்க ஒரு நாள். மட்டாஞ்சேரிக்கு எதிரே வில்லிங்டன் தீவில் இருக்கும் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையத்தார் சுருக்குமடிக்கு வெளியே தடித்த கயிற்றில் இன்னொரு வலைச் சுவர் கட்டி ஓங்கிலைத் தள்ளி நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். கடல்பன்னி என்று ஜங்காரில் பக்கத்தில் நின்றவர் சொன்ன குரலில் பாசம் இல்லாததற்குக் காரணம் அந்தத் தையல் வேலையாகவும் இருக்கலாம். இலத்தீனிலும் கடற்பன்றியைப் பன்றிமீன் என்றுதான் அழைத்தார்கள். ஆங்கிலத்துப் போர்பாய்ஸ் அங்கிருந்து வந்தது. எந்த மொழிக்காரனும் இந்தக் குடும்பத்தை மரியாதையாகக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

கொச்சியில் திமிலோடு எழும் சாம்பல் முதுகைப் பார்த்தால் பிளம்பியா என்று தயங்காமல் எழுதிக்கொள்ளலாம். கன்னியாகுமரியைச் சுற்றி வந்துவிட்டால் அந்தத் தைரியம் குறையும். ஈய நிறத்தது எங்கே முடிகிறது, சீனத்தது எங்கே தொடங்குகிறது என்ற எல்லைக்கோடு வங்கக் கடலில் எங்கோ ஓடுகிறது. வங்கதேசக் கடலில் உள்ளவை இரண்டோடும் சேராமல் மரபணுவில் தனித்து நிற்கின்றன என்று 2017-இல் ஓர் ஆய்வு சொல்லிவிட்டது. எலியட் விசாகப்பட்டினத்திலிருந்து அனுப்பிய உடம்பெல்லாம் புள்ளி விழுந்த ஓங்கிலுக்கு ஓவன் 1866-இல் லென்டிஜினோசா என்று பெயர் வைத்திருந்தார். 2014-இல் மற்றவர்கள் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டபோது அது மட்டும் வெளியே எடுபடாமல் அலமாரியில் இருக்கிறது.